வேர் பிடிக்காத வீடு

அந்தத் தெருவின் கீழ்வரிசை வீடுகள், வாசலில் ஒரு செடியாவது உயிரோடு இருக்கும்வரை நின்ற இடத்தில் நிற்கும். கடைசிச் செடியும் செத்துவிட்டால் பின்பக்கமாக நகரத் தொடங்கும். பின்பக்கம் பழைய கல்குவாரி இருக்கிறது. கல் எடுப்பதை நிறுத்திப் பல காலமாகிவிட்ட அந்தப் பள்ளத்தில் பச்சையாகத் தண்ணீர் நிற்கிறது. குவாரியிலிருந்து அள்ளிக் கொட்டிய மண்ணின்மேல் கட்டியதால் வீடுகள் மறுபடி அங்கேயே போகப் பார்க்கின்றன என்று சிலர் சொல்வார்கள். மற்றவர்கள் காரணம் தேடுவதில்லை. சில தெருக்களில் கூரை ஒழுகும், சில தெருக்களில் கொசுத்தொல்லை, இங்கே வீடு நகரும், அவ்வளவுதான். தெருவோரத்து மண் மட்டும் கெட்டி. அங்கே ஊன்றிய செடி வீட்டுக்கடியில் வேர் விட்டால் வீடு நிற்கும். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய், அப்படியே சொந்தபந்தம் எல்லாரையும் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு குடும்பம், தங்கள் வீடு ஓர் அறை தூரம் பின்னால் போயிருப்பதைக் கண்டது. கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே புதிதாகக் கிடைத்த இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டார்கள். இன்னொருவர், செடி எதற்கு, மரமே வைக்கிறேன் என்று வைத்தார். அது வளர்ந்து, ஒரு புயலில் சாய்ந்தபோது முன்சுவரையும் பிடுங்கிக்கொண்டு தெருவில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்த வரிசையில் யாரும் இடுப்பு உயரத்துக்குமேல் எதையும் வளரவிடுவதில்லை.

கடைசி வீட்டை வாங்கியவர்கள் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும். இருவரும் மாடிக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள். ஒரு டம்ளரில் வெந்தயம்கூட முளைக்கவைத்ததில்லை. மெக்கானிக் எதையும் பிரித்துப் பார்த்தால்தான் நம்புவார். இரும்புக் கயிற்றை இழை இழையாகத் தடவிப் பார்க்காமல் யாரையும் லிஃப்டில் ஏற்றமாட்டார். வீட்டைப் பூட்டிய பிறகு பூட்டை இழுத்துப் பார்ப்பார். பஸ் நிறுத்தம்வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முடிவுகளைக் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். வருபவர்கள் உறையைப் பிரிப்பதற்கு முன்னால் அவள் முகத்தைத்தான் படிக்கப் பார்ப்பார்கள். அதனால் அவள் முகத்தைச் சுவர்போல வைத்துக்கொள்ளக் கற்றிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் சில நேரம் அது கலையாது. என்ன யோசிக்கிறாள் என்று தெரியாமல் கணவர் தவிப்பார்.

வீடு விற்றவர் எதையும் மறைக்கவில்லை. "வாசல்ல செடி இருந்தா போதும். நின்னுடும்," என்று சாவியோடு சேர்த்துச் சொன்னார். எந்தச் செடி என்று சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை.

தெருமுனையில் நர்சரி வைத்திருந்த பெண்ணை எல்லாரும் செடிக்கடை அக்கா என்பார்கள். வாய் ஓயாது. அவளிடம் போய் இவர்கள் அழகானதாகக் கேட்டார்கள், அவளும் அழகானதாகக் கொடுத்தாள். சாமந்தி, காசித்தும்பை, ஜீனியா. வாசல் முழுக்க மஞ்சளும் சிவப்பும் ரோஜா நிறமுமாக இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். வீடு அசையவில்லை. பூக்கிற காலம் முடிந்ததும், வேலை முடிந்து கிளம்பும் ஆட்களைப்போல, எல்லாச் செடிகளும் ஒரே வாரத்தில் காய்ந்தன. அந்த வாரம் வீடு ஒரு கை நீளம் பின்னால் போனது. தண்ணீர்க் குழாய் மூட்டில் விட்டுப்போனது. மின்கம்பத்திலிருந்து வந்த ஒயர், துணி காயப்போடலாம் என்னும் அளவுக்கு விறைத்தது.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் இருந்தார். தன் பெண்ணைக் கட்டிக்கொடுத்த காலத்திலிருந்து தன் வீடு ஓர் அங்குலம்கூட நகராததில் அவருக்குப் பெருமை. காலையில் மதில்மேல் கையை வைத்துக்கொண்டு, "என்ன தம்பி, ராத்திரி ரிவர்ஸ் எடுத்துட்டீங்க போல. பின்னாடி யாராவது நின்னு ரைட்டு ரைட்டுன்னு சொன்னாங்களா?" என்றார்.

மெக்கானிக்குக்குக் கோபம் வந்தது. செடிக்கடை அக்காவிடம் போய், "ஒரு சீசன்ல செத்துப்போற செடியை ஏன் கொடுத்தீங்க?" என்று கேட்டார்.

"அழகா வேணும்னுதானே கேட்டீங்க, தம்பி? வீட்டைப் பிடிச்சு நிறுத்தணும்னு கேட்டிருந்தா அதுக்குத் தனி வரிசை. அங்க பூவெல்லாம் அவ்வளவா இருக்காது. பார்க்கவும் சுமாராத்தான் இருக்கும்."

அப்போதும் அவர்கள் அந்தத் தனி வரிசைக்குப் போகவில்லை. மனைவிக்கு ரோஜாவின்மேல் ஆசை. பல வருஷம் இருக்கும் செடிதானே என்றாள், அது உண்மையும்கூட. ஆனால் ரோஜாவுக்குக் கவாத்து செய்யவேண்டும், மருந்து அடிக்கவேண்டும், இலையைத் திருப்பித் திருப்பிப் பூச்சி பார்க்கவேண்டும். எல்லாம் செய்தார்கள். அளவுக்கு மீறிச் செய்தார்கள். காலையில் அவள் தண்ணீர் ஊற்றுவாள், ஊற்றினாளோ இல்லையோ என்ற சந்தேகத்தில் அவரும் ஊற்றுவார். அடுத்த வருஷ மழைக்கு முன்னால் வேர் அழுகி ரோஜாக்கள் போயின. வீடு கிளம்பியது. பின்முற்றத்தில் இருந்த துவைக்கிற கல் குவாரிக்குள் போனது, அதற்குப் பிறகு துணிக்கொடி கட்டிய கம்பம் போனது, அதில் காய்ந்துகொண்டிருந்த போர்வையும் சேர்ந்து போனது. பின்சுவருக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவே ஒரு கட்டில் போடும் இடம்தான் மிச்சம். அந்த நேரத்தில்தான் அவள் உண்டாகியிருப்பது தெரிந்தது. தன் பரிசோதனை முடிவைத் தன் ஜன்னலிலேயே தானே வாங்கிக்கொண்டு, சுவர்போல முகத்தை வைத்துக்கொண்டு வேலை நேரம் முடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

நகராட்சி ஓவர்சீயர் வந்து விளிம்பை எட்டிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. பின்சுவர் விளிம்பைத் தாண்டினால் வீடு வாழத் தகுதியற்றது என்றாகிவிடும் என்று விளக்கினார். "ஆள் இல்லாத வீடுன்னா அன்னைக்கே பூட்டி சீல் வச்சிடுவோம்மா. ஆள் இருந்தா நோட்டீஸ் கொடுக்கணும், பதில் வாங்கணும், மேல அனுப்பணும். மழைக்காலம் முடிஞ்சிடும்." அதைச் சொல்லும்போது அவளைப் பார்க்காமல் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் சொன்னதை அவள் புரிந்துகொண்டாள். எது நடந்தாலும் வீட்டைக் காலி செய்யக்கூடாது.

இந்த முறை செடிக்கடை அக்கா முதலில் கேள்வி கேட்டாள். வெயில் எவ்வளவு நேரம் விழும், மண் எப்படி, யார் பார்த்துக்கொள்வார்கள் என்று விசாரித்தாள். "தினம் தண்ணி ஊத்த மறந்துடுவீங்களா?"

"மறக்கவே மாட்டோம்க்கா."

"அப்ப ரொம்பக் கஷ்டம். மறக்கிற ஆளுங்களுக்குத்தான் செடி வளரும். நானே பாரு, பாதியை மறந்துட்டேன், அதான் கடை இப்படிப் பச்சையா இருக்கு."

அவள் காட்டிய செடிகள், கவனிக்க ஆளில்லாத இடத்தில் வளர்ந்து பழகியவை. தண்ணீர் இல்லாவிட்டால் தன் இலையிலிருந்தே குடித்துக்கொள்ளும் கற்றாழை. மேலே புல்போலத் தெரிந்தாலும் ஆளுயரத்துக்குமேல் கீழே இறங்கும் வெட்டிவேர். காய்ந்த நிலத்தில்தான் நன்றாகப் பூக்கும் காகிதப்பூ. இலை எல்லாம் கருகி, செத்துவிட்டது என்று நினைக்கும்போது முதல் மழைக்கு மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வரும் மழை லில்லிக் கிழங்கு. அரளியும் கொடுக்க வந்தாள். பிறகு மெக்கானிக் மனைவியின் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் இழுத்தாள். "இது வேணாம். டிரைவர் வீட்டுல சின்னக் குழந்தை இல்ல, வச்சிருக்காரு. உன் குழந்தை நாளைக்குத் தவழும். கைக்குக் கிடைச்சதை வாயில வைக்கும். இது விஷம்." கிளம்பும்போது, "இதுங்க சாகாது. சாகடிக்கிறதுக்குத் தனித் திறமை வேணும்," என்றாள்.

அந்தத் திறமை அவர்களுக்கு இருந்தது. வெட்டிவேர் வேர் பிடிக்கவில்லை. காகிதப்பூ துளிர்விட்டது, பிறகு வாடியது. கற்றாழைகூட, சுவர்மேல் தூக்கிப் போட்டாலும் பிழைக்கிற கற்றாழைகூட, ஊன்றிய இடத்தில் ஆடிக்கொண்டே நின்று, ஓரங்கள் சிவந்து சுருங்கியது. வீடு வாரத்துக்கு ஒரு சாண் போய்க்கொண்டிருந்தது. செடிக்கடை அக்கா வந்து பார்த்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். தன் வாழ்நாளில் கற்றாழையைச் சாகடித்த ஆளைப் பார்த்ததில்லை என்றாள். மண்ணை முகர்ந்து உப்பு என்றாள், பிறகு எறும்பு என்றாள், பிறகு பக்கத்து அரளியின் கண்ணேறு என்றாள். டிரைவர் மதிலுக்கு அப்பாலிருந்து, "என் அரளிக்குக் கண்ணே கிடையாதும்மா, அது பாட்டுக்கு நிக்குது," என்றார்.

ஒரு விடியற்காலை குமட்டல் வந்து எழுந்த மனைவி, முன்ஜன்னல் வழியே கணவரைப் பார்த்தாள். லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது மாட்டிக்கொள்ளும் விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு அவர் வாசலில் குந்தியிருந்தார். வெட்டிவேர்த் தூரை இரண்டு கைகளாலும் பிடித்து மெல்ல மேலே தூக்கினார். அடியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். மயிரிழை போல வெள்ளையாக ஏதோ விட்டிருந்தது. அதை விரல்நுனியால் தடவி, லேசாக இழுத்து, தாங்குமா என்று பார்த்தார். அது அறுந்தது. தூரை மறுபடி குழியில் வைத்து, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல மண்ணைத் தட்டினார். அடுத்த செடிக்கு நகர்ந்தார். அவர் முகத்தில் அவ்வளவு அக்கறை இருந்தது. ஜன்னலைத் தட்டக்கூட அவளுக்கு உடனே மனம் வரவில்லை.

"எத்தனை நாளா இது?" என்று கதவைத் திறந்துகொண்டு போய்க் கேட்டாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. "முதல்லேருந்தே."

"சாமந்தியையுமா?"

"சாமந்தியை ரொம்ப இல்ல. ரோஜாவைப் பார்த்தேன். இதுங்களை… தினம்." பிறகு கெஞ்சுகிற குரலில், "வேர் பிடிச்சிருக்கான்னு தெரியாம எப்படிம்மா உன்னை இந்த வீட்டுல விட்டுட்டு வேலைக்குப் போறது? கயிறு தாங்குதான்னு பார்க்காம ஒருத்தரை மேல அனுப்புவேனா நான்?"

"தினம் கயித்தை அறுத்துட்டு, தாங்குதா தாங்குதான்னு பார்க்கிறீங்க."

அவர் அழுதார். இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். மறுநாள் அவர் நகக்கண்களில் மண் இருந்தது. கையுறை போட்டுக்கொண்டு படுத்தார். கையுறையில் மண் இருந்தது. வாசற்கதவைப் பூட்டி அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்; அவர் கதவின் கீல்களைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு, திரும்ப மாட்டிவைத்திருந்தார், முன்பைவிட ஒழுங்காக. கையை வைக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. அது அவருக்கும் தெரிந்தது. தூரத்து நகரம் ஒன்றில் வானத்தைத் தொடும் கட்டடம் ஒன்றுக்கு லிஃப்ட் பொருத்த ஆள் கேட்டிருந்தார்கள். அவர் பெயரைக் கொடுத்தார். மழைக்காலம் முடிந்துதான் திரும்ப முடியும். போகும் நாள், வாசலில் செடிப்பக்கம் பார்க்காமல், இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தார். பெட்டியை டிரைவர்தான் தூக்கிவந்தார். "மாப்பிள்ளை மாதிரி நடக்கிறாரு பாரு," என்றார், யாரும் சிரிக்கவில்லை.

அவள் புதிதாக வாங்கிவந்து நட்டாள். முதல் சில நாட்கள் மட்டும் தண்ணீர் ஊற்றினாள், பிறகு வாளியை டிரைவர் வீட்டில் கொடுத்துவிட்டாள். இனி வேலை என்று ஒன்றும் இல்லை. அதுதான் பெரிய வேலையாக இருந்தது. செடிகள் நின்றன. ஆனால் வெட்டிப்போட்ட கிளைகூடச் சில நாள் பச்சையாக நிற்கும். வேர் பிடித்திருந்தால் வீடு நிற்கும். வீடோ போய்க்கொண்டே இருந்தது, முன்னைவிட மெதுவாகவா அதே வேகமா என்று சொல்லமுடியாதபடி. சோறு வடிக்கும்போது அவள் கை வாசல்பக்கம் இழுத்தது. ஒரே ஒரு செடி. ஓரத்தில் இருக்கிற சின்னக் கற்றாழை. லேசாக ஆட்டிப் பார்த்தால் போதும். ஒருநாள் குனிந்தே விட்டாள். இலைமேல் விரல் பட்டதும் தன் கணவரின் நெற்றி விளக்கு நினைவுக்கு வந்து, கையை உதறிக்கொண்டு உள்ளே போய் அந்தக் கையின்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அவர் தினமும் தொலைபேசியில் கூப்பிட்டார். சாப்பிட்டாயா, கால் வீங்கியிருக்கிறதா, குழந்தை உதைக்கிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில்தான் செடிக்கு வருவார்.

"பிடிச்சிருக்கா?"

"தெரியாது."

"லேசா ஆட்டிப் பார்த்தா தெரியும்…"

"பார்க்கமாட்டேன்."

"உன் குரல்ல ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலையேம்மா."

"கண்டுபிடிக்கிறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லீங்க. எனக்கே தெரியாது."

பின்சுவர் விளிம்பை அடைந்த வாரத்தில் டிரைவரின் மனைவி வந்து, எங்கள் வீட்டில் வந்து படு என்றாள். ஆளில்லாத வீட்டைப் பூட்டிவிடுவார்கள் என்று இவள் சொன்னதும், அந்த அம்மாள் தன் பாயை எடுத்துவந்து முன்னறையிலேயே விரித்துப் படுத்துக்கொண்டாள். பயத்தில் விடிய விடிய விழித்திருந்துவிட்டு, காலையில் நன்றாகத் தூங்கியதாகச் சொன்னாள். ஓவர்சீயர் தெருப்பக்கம் வராமல் சுற்றிப் போனார். செடிக்கடை அக்கா ஒரு நாளைக்கு மூன்று தடவை அந்த வழியாகப் போனாள். ஒருதடவைகூட வாசலைப் பார்க்கவில்லை, பார்த்தால் தொடத் தோன்றும் என்பதுபோல.

மழை ஒரு பிற்பகலில் வந்தது. முதலில் வழக்கம்போலத்தான் பெய்தது. பிறகு தெரு முழுக்கத் தண்ணீர் கீழ்ப்பக்கம் திரும்பி, வீடுகளுக்கு அடியில் புகுந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் இருந்த டம்ளர் தானாகப் பின்பக்கம் நகர்ந்து, மேசை முடிந்த இடத்தில் கீழே விழுந்தது. அடுத்து நாற்காலி கிளம்பியது. வீடு அதுவரை இல்லாத வேகத்தில், படகு கரையை விட்டுக் கிளம்புவதுபோல, தெருவை விட்டுக் கிளம்பியது. அடுப்படியில் பாத்திரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகக் கொட்டின. பின்னறையின் தரைக்கடியில் மண் இல்லாமல் போன சத்தத்தை அவள் கேட்டாள். சத்தம் என்று சொல்லமுடியாது, அதுவரை கேட்டுக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றது. பின்ஜன்னலில் மண்ணும் பாறையும் தெரிந்த இடத்தில் வானமும், வெகு கீழே மழை குத்தும் பச்சைத் தண்ணீரும் தெரிந்தன. டிரைவர் தன் வாசலிலிருந்து, "குதிம்மா! முன்பக்கம் குதி!" என்று கத்தினார். அவள் முன்கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டாள். குதிக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. வயிற்றில் ஒரு கை இருந்தது.

கட்டியிருக்கும் மாடு கயிற்றின் நீளம் முடிந்த இடத்தில் நிற்பதுபோல, வீடு ஓர் உலுக்கலோடு நின்றது.

வாசற்படிக்கும் செடிகளுக்கும் நடுவே மண் பிளந்திருந்தது. பிளவுக்குள், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, வேர்கள் விறைத்து நின்றன. வெட்டிவேரின் மஞ்சள் இழைகள் கற்றையாக, கற்றாழையின் தடித்த வேர்கள், காகிதப்பூவின் பழுப்புக் கயிறுகள், இடையிடையே லில்லிக் கிழங்குகளின் வெள்ளை மீசைகள். எல்லாம் வாசற்படிக்கு அடியில் போய், வீட்டின் அடித்தளத்தைப் பிடித்திருந்தன. பாரத்தில் மெல்ல ரீங்கரித்தன. ஒன்று அறுந்தது. மற்றவை அறுபடவில்லை. அவள் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று தெரியாது. பிறகு மழையில் குந்தி, இரண்டு கைகளாலும் சேற்றை அள்ளி அந்தப் பிளவை மூடினாள். டிரைவரும் மதில் ஏறிக் குதித்து வந்து மண் தள்ளினார். ஒரு வார்த்தைகூடக் கிண்டல் செய்யவில்லை.

அன்று மாலை தொலைபேசியில் கணவர் வழக்கம்போலக் கேட்டபோது, "பிடிச்சிருக்கு," என்றாள். பிறகுதான் அழத் தொடங்கினாள். அவள் அழுவதை அவர் அதுவரை கேட்டதே இல்லை. அதனால் அவர் அந்த வார்த்தையை நம்பவில்லை. விடிவதற்குள் புறப்பட்டு வந்து நேரில் நின்றார்.

ஓவர்சீயர் வந்து, பின்னறை முழுவதும் குவாரிமேல் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்தார். பின்சுவர் விளிம்பைத் தாண்டினால் என்றுதான் விதி இருக்கிறது, ஓர் அறையே தாண்டிவிட்டு அதற்குப் பிறகு நகராமல் நின்றால் என்ன செய்வது என்று விதியில் இல்லை என்றார். தரையில் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். மழை லில்லிகள் அந்த மாதமே பூத்தன. ஒருவரும் நட்ட ஞாபகம் இல்லாத இடங்களில்கூட வந்தன. செடிக்கடை அக்கா இப்போது புதிதாக வருகிறவர்களிடம், முதலில் அந்த வீட்டு வாசலைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறாள். தொடாமல் பார்க்கவேண்டும் என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்கிறாள்.

பெண் குழந்தை பிறந்தது. கீழிருந்து வரும் காற்றால் பின்னறைதான் அந்தத் தெருவிலேயே குளிர்ச்சியான அறை. வெயில் காலத்தில் டிரைவரும் மனைவியும் மதிய நேரத்தில் அங்கே வந்து படுக்கிறார்கள். தரை லேசாகச் சரிந்திருப்பதால் குழந்தை சீக்கிரமே நடக்கப் பழகியது, இப்போது அங்கேதான் குதித்து விளையாடுகிறது. ஒவ்வொரு குதிப்புக்கும் வீடு ஒரு விரற்கடை கீழே போய் மேலே வருகிறது. மெக்கானிக் வேலையிலிருந்து வந்ததும் அந்த அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து டீ குடிக்கிறார். டம்ளரில் டீ ஆடுகிறது. பின்ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. அவர் கீழே எட்டிப் பார்ப்பதில்லை.